நம்மவனுக்கு எதிராக விரல் உயர்த்துதல்

பகைவனுக்கு நீதி செய்தல் அரிது என்பர் பெரியோர். அதனினும் அரியது ஒன்றுண்டு. அஃது, நம்மவனுக்கு எதிராக நீதி செய்தல். பகைவன் திறத்தில் நாம் நீதி தவறினால் ஊரார் நம்மை ஏசுவர். நம்மவன் திறத்தில் நீதி தவறாதிருந்தால் வீட்டாரே நம்மை ஏசுவர். ஊராரின் ஏச்சைப் பொருட்படுத்தாது நடக்கும் மனிதனும் வீட்டாரின் ஏச்சுக்குமுன் தலை குனிகிறான். இதனை அறிவதற்கு நியாய ஸ்தலத்துக்கோ சட்டசபைக்கோ போக வேண்டுவதில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் கிள்ளான் பக்கத்துத் திடல் எதிலேனும் நடைபெறும் கிரிக்கெட் ஆட்டத்தைச் சிறிது நேரம் நின்று பார்ப்பதே போதும்.

அவ்வாட்டத்தின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள் கூறுவோம். அது வேலை முடிந்து வந்தவர்கள் ஆடும் ஆட்டம். ஒரு பக்கம் தோட்டத்து இளைஞர். மறுபக்கம் பிரிக்பீல்ட்ஸ் நண்பர்கள். ஒருவர் கிராணி, ஒருவர் லாரி ஓட்டுபவர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் ரயில்வே ஊழியர். நம் நாட்டில் பொழுது சாய ஏழு மணியாகிறது. ஆதலால் ஐந்தே காலுக்குத் தொடங்கினால், இடியும் மழையும் வாராதிருக்குமாயின், கட்சிக்குப் பன்னிரண்டு ஓவர் வீதம் ஆடி முடிக்கலாம். பரிசு இல்லை, பணம் இல்லை, பத்திரிகையில் பெயர் வருவதுமில்லை. தோற்றவர் தேநீர் வாங்கித் தருவர். வென்றவர் அதனைக் குடித்துக்கொண்டே தம் வெற்றியைப் பெருக்கிப் பேசுவர். அடுத்த ஆட்டத்தில் தேநீருக்குக் காசு கொடுப்பவர் மாறினும் மாறலாம்.

இத்தகைய ஆட்டத்தில் நடுவராக நிற்பவர் யார்? இதுவே நமது விஷயம். கூலி கொடுத்து அயலாரை அழைக்க வசதியில்லை. ஆகையால் மட்டை பிடிக்கும் கட்சியாரிலேயே, தம் முறை இன்னும் வாராத இருவரோ, முறை முடிந்து திரும்பிய இருவரோ நடுவராக நிற்பர். பந்து மட்டையின் விளிம்பைத் தொட்டதா? காலில் பட்ட பந்து தடுக்கப்படாதிருந்தால் ஸ்டம்பைச் சாய்த்திருக்குமா? ஓடியவன் கோட்டைத் தாண்டிவிட்டானா? இவற்றைத் தம் கட்சிக்காரனுக்கு எதிராகவும் தீர்த்துச் சொல்ல வேண்டியவர் அவரே. நீதி கேட்பவர் எதிர்க்கட்சியார். தீர்ப்புக்கு ஆளாகுபவன் தம் கூட்டாளி. தீர்ப்பவரோ அக்கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வந்தவர், ஆட்டம் முடிந்தபின் அதிலேயே திரும்ப வேண்டியவர்!

நடுவர் என்னும் தமிழ்ச் சொல் நடுவில் நிற்பவர் எனப் பொருள்படும். அம்பயர் என்னும் ஆங்கிலச் சொல்லோ, இணையல்லாதவன் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இருவர் வழக்கில் இருவரையும் சேராத மூன்றாமவன் என்பது கருத்து. இவ்விரு சொற்களின்படி பார்த்தாலும் நம் திடலில் நிற்பவர் நடுவரல்லர். அவர் ஒரு கட்சியார். ஆயினும் நடுவராக நடந்துகொள்ளுமாறு அவரைக் கேட்கிறோம்.

இஃது ஏழைகளின் திடலுக்கு மட்டும் உரிய குறை என்று எவரும் எண்ண வேண்டா. நாடுகளுக்கிடையே நடக்கும் டெஸ்ட் ஆட்டங்களிலும் நெடுங்காலம் விருந்தளிக்கும் நாட்டவரே நடுவராக நின்றனர். 1994 முதல் ஒருவரும், 2002 முதல் இருவரும் அயல்நாட்டவராக இருத்தல் வேண்டும் என்னும் ஏற்பாடு பின்னரே வந்தது. இன்று பெரிய ஆட்டங்களுக்கு நடுவருக்குக் குறைவில்லை. 2025 பிப்ரவரி 2ஆம் நாள் நமது கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் திடலில், பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கிண்ண இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்கப் பெண்களை ஒன்பது விக்கெட்டில் வென்றனர். அங்கே தீர்ப்புச் சொல்ல உலகச் சங்கம் அனுப்பிய நடுவர் இருந்தனர். அதே கிள்ளானில் நம் மாலை ஆட்டத்துக்கு உலகச் சங்கமும் இல்லை, காமிராவும் இல்லை. உள்ளது ஒரு மனிதனின் மனச்சாட்சி மட்டுமே.

சிலர் நம்மை நோக்கி, "ஐயா, நண்பருக்குள் நடக்கும் விளையாட்டுக்கு இவ்வளவு தர்க்கம் எதற்கு? ஒருவனை அவுட் கொடாமல் விட்டால் உலகம் முழுகிவிடுமோ?" என்று வினவலாம். உலகம் முழுகாது. முழுகுவது வேறொன்று. அதனைப் படிப்படியாக ஆராய்வோம்.

இவ்வேற்பாடு எவ்வாறு நடைபெறுகின்றது எனக் கேட்டால், பலரும் சொல்லும் விடை இது: "இப்போது நாங்கள் நியாயமாகச் சொன்னால், அவர்கள் முறை வரும்போது அவர்களும் நியாயமாகச் சொல்வார்கள்." இவ்விடை பொய்யன்று. முதலில் மட்டை பிடிக்கும் கட்சியார் எந்தப் படியால் அளக்கின்றனரோ அந்தப் படியாலேயே பிறகு அளக்கப்படுவர். ஆனால் இஃது ஒழுக்கமோ, வியாபாரமோ? கொடுத்து வாங்குதல் சந்தைக்குரிய அறம். சந்தை கலைந்தபின் அவ்வறமும் கலைந்துவிடும்.

சந்தை கலையும் நேரம் ஒவ்வோர் ஆட்டத்திலும் வருகின்றது. இரண்டாவதாக மட்டை பிடிக்கும் கட்சியை எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய நடுவர் பொய்த் தீர்ப்புச் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல எதிர்க்கட்சியாருக்கு இனி முறை இல்லை. கடைசி ஓவர், நான்கு ஓட்டம் வேண்டும், வெளிச்சம் மங்கிவிட்டது. நம்மவன் காலில் பந்து பட்டது. பந்தெறிந்தவன் திரும்பி நின்று நம்மைப் பார்த்துக் கேட்கின்றான். இங்கே பேரம் இல்லை, பயம் இல்லை, இருட்டு வேறு துணை நிற்கின்றது. "அடுத்த மாத ஆட்டம் உண்டே" எனலாம். அதுவும் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்பு நிலமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டபோது திடல்களும் போயின. கடைசியாக ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத் திசைக்கு ஒருவராகப் பிரிந்து செல்லும் நாள் எந்தத் தோட்டத்துக் கட்சிக்கும் வரக்கூடியதே. அக்கடைசி ஆட்டத்தின் கடைசி ஓவரிலும் விரல் உயர வேண்டுமா?

உயர வேண்டும் என்பதே நமது துணிபு. காரணம் கூறுவோம்.

தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்குக் கணக்குப் புத்தகத்தின் இயல்பு சற்றுத் தெரியும். பெரட்டுக்கு வாராத ஆளைச் செக்ரோலில் பதிந்துவிடலாம். ஒரு கோடு போட்டால் தீர்ந்தது. ஆயினும் அக்கோட்டினால் மரத்திலிருந்து ஒரு குலையும் இறங்குவதில்லை. புத்தகத்தில் வேலை இருக்கும், காட்டில் இராது. பொய்த் தீர்ப்பால் வந்த வெற்றியும் அத்தகையதே. வெற்றி என்பது எதிர்நின்றவன் தன் முழுத் திறத்தையும் காட்ட, அதனைக் கடந்து நாம் சென்றோம் என்னும் நடந்த செய்தியாகும். நடவாததை நடந்ததாக எழுதிக்கொண்டால் நம் கையில் இருப்பது வெற்றியன்று, வெற்றி என்று எழுதிய காகிதம். ஆகவே பொய் சொன்ன நடுவர் தம் கட்சியாருக்கு உபகாரம் செய்தவரல்லர். அவர்கள் எதற்காக ஐந்து மணிக்கு வியர்வையோடு வந்தார்களோ அதனையே அவர்களிடமிருந்து பறித்தவராவார்.

இதனால் மற்றோர் உண்மையும் பெறப்படும். நண்பன் என்பதற்காக விட்டுக்கொடுத்து ஆடுவதும் பிழையே. "பாவம், அவர்கள் மூன்று முறை தோற்றுவிட்டார்கள், இம்முறை வெல்லட்டும்" என்று எளிய பந்தை எறிபவன் தன்னை அன்புடையவனாக எண்ணிக்கொள்கின்றான். உண்மையில் அவன் தன் நண்பனைத் தனக்குச் சமானமாக மதிக்கவில்லை. குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல் வெற்றியைக் கொடுக்கின்றான். அவ்வாறே, "நான் பாரபட்சம் அற்றவன்" என்று ஊரார் மெச்ச வேண்டித் தன் கட்சிக்காரனை அநியாயமாக வெளியேற்றும் நடுவரும் உளர். தோட்டத்தில் தம் உறவினரை மட்டும் அதிகமாகக் கடிந்துகொண்டு நேர்மைப் பெயர் வாங்கும் மேலாட்களை நாம் அறிவோம். அதுவும் தராசைச் சாய்ப்பதே. சாய்ந்த பக்கம் வேறு, அவ்வளவுதான்.

பொய் சொல்வோர் மிகச் சிலரே என்பதையும் ஒப்புக்கொள்வோம். பெரும்பாலோர் கெடுவது பொய்யால் அன்று, ஐயத்தால். ஐயம் நேர்ந்தால் அதன் பயனை மட்டை பிடிப்பவனுக்குக் கொடுப்பது இவ்வாட்டத்தின் வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் நம்மவன் காலில் பந்து படும்போது ஐயம் ஓடோடி வந்து பக்கத்தில் நிற்கின்றது. அயலான் காலில் படும்போது அவ்வையம் ஊருக்குப் போய்விடுகின்றது! கண் ஒன்றே, பந்தும் ஒன்றே, ஐயம் மட்டும் ஆளுக்கேற்ப வந்து போவானேன்? இதற்கு ஒரே மருந்து, விரலை அடக்கும் முன் தன்னைத்தானே ஒன்று கேட்டுக்கொள்வது: "இதே பந்து அவர்களுடைய ஆளின் காலில் பட்டிருந்தால், நான் வெளியில் நின்று என்ன கூவியிருப்பேன்?" இக்கேள்விக்கு உண்மையாக விடை சொல்பவனுக்குச் சட்டப் புத்தகம் அதிகம் தேவைப்படாது.

இச்சிக்கலைத் தமிழர் முன்னமே அறிந்திருந்தனர். திருக்குறளில் நடுவு நிலைமை 12ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது செய்ந்நன்றியறிதல். இவ்விரண்டையும் ஏன் அடுத்தடுத்து வைத்தார் என்பதற்குப் பரிமேலழகர் ஒரு காரணம் கூறுகின்றார். நமக்கு நன்றி செய்தவரிடத்தில் நம் நடுவுநிலைமை சிதைந்துபோக இடமுண்டு. அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே நன்றியை அடுத்து அது வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. எவ்வளவு நுண்ணிய கருத்து! நடுவுநிலைமைக்கு இடையூறாக வருவது எப்போதும் தீய குணமன்று. மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தவனிடம் நன்றி பாராட்டுவது நற்குணமே. அந்நற்குணமே வந்து நம் விரலைப் பிடித்துக்கொள்கின்றது. தீமையோடு போராடுவது எளிது. ஒரு நன்மையை மற்றொரு நன்மைக்காக ஓரிடத்தில் நிறுத்திவைப்பதே கடினம்.

இக்கடினத்திலிருந்து நடுவரை விடுவிக்க வல்லவன் ஒருவன் உளன். அவன் மட்டை பிடித்தவனே. எதிர்க்கட்சியார் கேட்டாலன்றி நடுவர் அவுட் கொடுக்கலாகாது என்பது விதி. ஆயினும் தான் அவுட் என அறிந்தவன் கேள்விக்குக் காத்திராமல் தானே வெளியேற அவ்விதியே இடந்தருகின்றது. 2003ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட், இலங்கைக்கு எதிராக ஆடுகையில், நடுவர் அவுட் இல்லை என்ற பின்னரும் தானே நடந்து வெளியேறினார். நம் திடலில் இவ்வாறு நடப்பவன் எதிர்க்கட்சிக்கு மட்டுமன்று, நடுவராக நிற்கும் தன் தோழனுக்கும் உதவி செய்கின்றான். நண்பனை நண்பனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லும் இக்கட்டில் நிறுத்தாமல் காக்கின்றான். நட்பின் பெயரால் நடுவரிடம் சலுகை எதிர்பார்ப்பவனோ அதே நட்பின்மேல் பாரம் ஏற்றுகின்றான்.

நேர்மைக்கு எப்போதும் வெற்றி கிடைக்கும் என்று நாம் சொல்ல மாட்டோம். 1980 பிப்ரவரியில் பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்டில் இந்தியக் கட்சித் தலைவர் விஸ்வநாத், நடுவர் அவுட் கொடுத்த பாப் டெய்லரை, பந்து மட்டையில் படவில்லை என்று தாம் கருதியதால், திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டம் சேர்த்தனர். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. தோல்வி நினைவிலிருந்து மங்கிவிட்டது, அழைப்பு மங்கவில்லை. மற்றொன்றும் கேளுங்கள். 2006 டிசம்பரில் கிறைஸ்ட்சர்ச்சில் சங்கக்கார நூறு ஓட்டம் அடித்தபோது, அவரைப் பாராட்டுவதற்காகக் கோட்டைவிட்டு வெளியே சென்ற முத்தையா முரளிதரனை நியூசிலாந்தின் பிரெண்டன் மெக்கல்லம் ரன் அவுட் செய்தார். விதிப்படி குற்றமில்லை. நியூசிலாந்து வென்றது. ஆனால் பத்தாண்டு கழித்து, 2016இல், லார்ட்ஸில் ஆற்றிய உரையொன்றில் மெக்கல்லமே அதற்காக மன்னிப்புக் கோரினார். முரளிதரனின் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்க வந்தவர். தோட்டத்துப் பேரன் ஒருவன் தன் தோழனின் கையைக் குலுக்கப் போன அந்தச் சில அடி தூரம் நம்மவர் அறிய வேண்டிய தூரமே.

"இவையெல்லாம் வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த ஆட்டத்தின் நீதி, நமக்கென்ன?" என்பாரும் உளர். ஆட்டம் அவனுடையதே. 1884இல் ஏற்பட்ட சிலாங்கூர் கிளப்பின் முன்னுள்ள பாடாங்கில் துரைமார் ஆடியதைப் பார்த்தே நம் முன்னோர் இதனைக் கற்றனர். அப்பாடாங் உள்ள கோலாலம்பூரில் 1909இல் பிறந்த லால் சிங், 1932இல் லார்ட்ஸில் நடந்த இந்தியாவின் முதல் டெஸ்டில் ஆடினார். திடலில் நியாயம் பேசிய துரைமார் சம்பளத்திலும் உத்தியோகத்திலும் அந்நியாயத்தை மறந்தது உண்மை. எனினும் அந்தப் பழியைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பல்வங்கர் பாலூ 1911இல் இந்தியக் கட்சியோடு இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகள் வீழ்த்தியவர். அத்தகையவருக்குப் புனாவில் அவருடைய கட்சியார், திடலில் கைதட்டிவிட்டு, தேநீர் வேளையில் கட்டடத்துக்கு வெளியே மண் குவளையில் ஊற்றிக் கொடுத்தனர். அவர் என்றும் தலைவராக்கப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923இல் பம்பாய்ப் போட்டியில் இந்துக் கட்சியின் தலைவரானார். ஓட்டக் கணக்குப் புத்தகத்தில் பெயர் எழுத இடமுண்டு, விக்கெட் எழுத இடமுண்டு. சாதி எழுத இடமில்லை. அப்புத்தகத்தை மூடியவுடன் நம்மவர் வேறு புத்தகத்தைத் திறந்துகொண்டனர். கோட்டுக்குள் நீதியும் கோட்டுக்கு வெளியே அநீதியுமாக வாழ்வது வெள்ளையர்க்கு மட்டும் உரிய வித்தையன்று.

நமது மாலை ஆட்டத்தின் மேன்மை இங்கேதான் இருக்கின்றது. ஆட்டம் முடிந்தபின் இரு கட்சியாரும் ஒரே மேசையில் ஒரே விதமான கோப்பையில் தேநீர் குடிக்கின்றனர். நீ எந்த ஊர், எந்தச் சாதி, உன் பாட்டன் யாழ்ப்பாணத்தவனா சேலத்தானா என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் சற்றுமுன் கொடுத்த தீர்ப்பு பொய்யாயிருந்தால் அத்தேநீர் எவர் தொண்டையிலும் இனிக்காது. சாதியில்லாத மேசையிலும் பொய் உட்கார்ந்தால் சமத்துவம் எழுந்து போய்விடும். முன்னர் யாம் முழுகிப்போகும் என்றது இதனையே.

நம் நாட்டு மொழியாகிய மலாயில் நண்பனைக் காவான் என்பர். எதிராளியை லாவான் என்பர். முதலெழுத்து ஒன்றே வேற்றுமை. மலேசியாவும் சிங்கப்பூரும் 1965இல் தனித்தனி நாடுகளாயின. ஐந்தாண்டு கழித்து, 1970இல், இரு நாட்டுக் கிரிக்கெட் வீரரும் ஒரு கிண்ணத்துக்காக ஆடத் தொடங்கினர். அதற்குச் சௌடாரா கிண்ணம் என்று பெயரிட்டனர். சௌடாரா என்பது நம் சகோதரர் என்னும் சொல்லின் உறவே. பிரிந்த வீட்டார் ஆண்டுக்கொருமுறை எதிரெதிரே நின்று, அந்த எதிர்ப்புக்கே சகோதரர் என்று பெயர் வைத்தனர். எதிராளி இல்லையேல் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையேல் நம் கட்சியும் இல்லை. ஆதலின் எதிராளிக்குச் செய்யும் நீதி, நம் கட்சி உயிரோடு இருப்பதற்கு நாம் கொடுக்கும் வாடகை.

இனித் திடலை விட்டு வெளியே வருவோம். நம் சமூகத்தில் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஆலய நிர்வாகம், கூட்டுறவு, பள்ளி வாரியம், இளைஞர் மன்றம் என எத்தனையோ. இவற்றுள் பல உடைந்து இரண்டானது எதனால்? பகைவர் வந்து உடைத்ததனால் அன்று. கணக்கில் பிழை கண்டபோது, "நம் ஆள்தானே" என்று விரலை மடக்கிக்கொண்டவர்களால். பொதுக்கூட்டத்தில் வாக்கு எண்ணுபவர், நன்கொடைப் புத்தகத்தைத் தணிக்கை செய்பவர், தொழிலாளர் வழக்கை விசாரிக்கும் கமிட்டியார் ஆகிய எல்லாரும் மாலை ஆட்டத்து நடுவரைப் போன்றவரே. அயலாரை அழைக்க வசதியில்லாமல், நம்மில் ஒருவரை நிறுத்தி, நம்மவர்க்கு எதிராகவும் உண்மை சொல்லுமாறு கேட்கின்றோம். சொன்னால் அவரைத் துரோகி என்கின்றோம். பிறகு நேர்மையான மனிதர் பொதுக் காரியத்துக்கு வருவதில்லை என்று அங்கலாய்க்கின்றோம்.

ஆகையால் தோட்டத்துத் தோழர்களுக்கும் பட்டணத்துத் தோழர்களுக்கும் நாம் சொல்வது இது. உங்கள் திடலில் உங்கள் கட்சிக்காரன் ஒருவன் உங்களுக்கு எதிராக விரலை உயர்த்தினால், மட்டையைத் தரையில் அடிக்காதீர். வாயில் வந்ததைப் பேசாதீர். திரும்பி வந்து அவனிடம் தண்ணீர் கொடுங்கள். உங்கள் வண்டியிலேயே அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். நாளை சங்கத்தின் கணக்கை அவனிடம் ஒப்படைக்கலாம். நடுவர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. தம்மவர் கோபத்துக்கு அஞ்சாமல் நிற்கக் கற்றுக்கொண்ட சாதாரண மனிதர்களே நடுவர்களாகின்றனர். அவர்கள் கற்றுக்கொள்வதற்குப் பன்னிரண்டு ஓவரும் மங்கிய வெளிச்சமும் போதும். அதன்பின் அவர்களைத் தனியே விடாதிருப்பது நம் கடமை.